வண்டிக்கு முன் நிலம்: ஆனைகட்டியில் ரிமோட் டர்ட் பைக்

எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்றுதான். ரிமோட் காருக்கு இந்தக் கேள்வி இவ்வளவு முக்கியமில்லை. நான்கு சக்கர வண்டியை மொட்டை மாடியில்கூட ஓட்டிப் பழகிவிடலாம். டர்ட் பைக்குக்கு மண் வேண்டும். வேகமெடுக்க நீளம் வேண்டும். நூறு முறை விழுந்தாலும் வண்டியைத் தாங்குகிற தரை வேண்டும். கோவையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், தடாகம், மாங்கரை தாண்டி மலைப்பாதை ஏறினால் வரும் ஆனைகட்டியில் இது எல்லாமே கிடைக்கிறது. கூடவே யானை இருக்கிறது, காப்புக்காடு இருக்கிறது, இரண்டு மாநில வனத்துறை இருக்கிறது. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் வண்டி பிறகு, நிலம் முதலில்.

நிலம் பார்ப்பது

இங்கே எல்லை கொடுங்கரைப் பள்ளம். இந்தக் கரை கோவை மாவட்டம். அந்தக் கரை பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இரண்டு கரையிலும் காட்டுக்கும் பட்டா நிலத்துக்கும் நடுவே பல இடங்களில் வேலியே இருக்காது. தரிசாகத் தெரிகிற இடம் காப்புக்காடாக இருக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் 1882ஆம் ஆண்டு வனச் சட்டம், கேரளப் பக்கம் 1961ஆம் ஆண்டு வனச் சட்டம், இரண்டுக்கும் மேலே 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். கையில் இருப்பது பொம்மை வண்டி என்று சொல்லித் தப்ப முடியாது, தப்ப நினைக்கவும் கூடாது.

ஆகவே ஓட்டுவது பட்டா நிலத்தில், அதுவும் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு. அறுவடை முடிந்து அடுத்த உழவுக்குக் காத்திருக்கும் மானாவாரி நிலம்தான் மிகச் சிறந்த களம். கேட்கும்போது வண்டியையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். "டர்ட் பைக் ஓட்டணும்ங்க" என்று வெறுங்கையோடு போய்க் கேட்டால், பெட்ரோல் பைக்கோடு பத்துப் பேர் வந்து வரப்பை உடைக்கப் போகிறார்கள் என்றுதான் எவரும் நினைப்பார். முழங்கால் உயரம்கூட வராத வண்டியைப் பார்த்தால் பேச்சே மாறிவிடும்.

அட்டப்பாடிப் பக்கம் இன்னொரு படி கவனம் தேவை. பழங்குடி மக்களின் நிலம் கைமாறிப் போனது அங்கே தலைமுறைகளாகத் தொடரும் வலி. அதைத் தடுக்கவும் மீட்கவும் 1975இல் கேரளம் தனிச் சட்டமே இயற்றியது. வழக்கில் கிடக்கும் நிலமும் உண்டு. எனவே "இது என் இடம், தாராளமா ஓட்டுங்க" என்று யாராவது சொன்னால், அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். இருளர் ஊர் அருகில் இருந்தால் ஊர்த் தலைவரான மூப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது மரியாதை. வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அவர்கள் கையில் ரிமோட்டைக் கொடுங்கள். அவர்களை வைத்து வீடியோ எடுப்பதாக இருந்தால் பெற்றோரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

தடாகம் பள்ளத்தாக்கு வழியாக வரும்போது, செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் தோண்டிய பெரும் பள்ளங்கள் கண்ணில் படும். ஏற்றமும் இறக்கமுமாக, பார்த்தவுடன் யாரோ மோட்டோகிராஸ் தடம் வெட்டி வைத்ததுபோல் இருக்கும். அங்கே இறங்காதீர்கள். அனுமதியில்லாத சூளைகள் 2021இல் மூடப்பட்டன. தோண்டிய நிலத்தைப் பற்றிய சட்ட விவகாரங்கள் பின்னாலேயே தொடர்ந்தன. அது யானைகள் நடமாடும் பாதை என்பது அதைவிடப் பெரிய காரணம். செங்குத்தாக வெட்டிய மண்சுவருக்கு இடையில் நிற்பவருக்கு ஓட வழி இருக்காது.

யானையைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும் ஓட்ட வேண்டாம். பலா பழுக்கும் பருவத்திலும், சோளமும் வாழையும் நிற்கும் தோட்டத்தை ஒட்டியும் ஓட்ட வேண்டாம். கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றும்போது பகலிலும் பள்ளத்துக்கு இறங்கும். வந்து சேர்ந்ததும் அன்றைக்கு நடமாட்டம் உண்டா என்று டீக்கடையில் கேளுங்கள். நேற்று இரவு எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தது என்பது வரை தெரிந்திருக்கும். ஓட்டுகிறவரின் கண் எப்போதும் வண்டியின் மேலேயே இருப்பதால், சுற்றுப்புறத்தைப் பார்க்க மட்டும் கூட ஒருவர் வேண்டும். தனியாக ஒருபோதும் போகாதீர்கள். யானை தென்பட்டால் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தபடியே பேசாமல் பின்வாங்கி நடங்கள். வண்டி அங்கேயே கிடக்கட்டும். ஆயிரக்கணக்கில் போட்ட காசு என்று எடுக்கப் போகிற அந்த இருபது அடிதான் ஆபத்தான இருபது அடி.

சூரிய மின்வேலியும் யானை அகழியும் உள்ள பக்கத்தைவிட்டு நன்றாகத் தள்ளியே தடத்தைப் போடுங்கள். வேலிக்கு அடியில் புகுந்த வண்டியைக் கைநீட்டி எடுப்பது வேண்டவே வேண்டாம். நில உரிமையாளரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகு எடுக்கலாம்.

ஆள்காட்டிக் குருவியையும் கவனியுங்கள். மார்ச் முதல் ஆகஸ்டு வரை அது வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இருக்காது. கூழாங்கல்லுக்கு நடுவே கூழாங்கல்லாக நான்கு முட்டைகள் கிடக்கும். ஒரு சோடி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தால், முட்டை நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காலடியைப் பார்த்து வந்த வழியே திரும்பி, வேறு மூலைக்குப் போங்கள். சலீம் அலி பெயரில் 1990இல் தொடங்கிய பறவையியல் மையம் இருக்கும் ஊர் இது. இங்கே வந்து முட்டையை நசுக்கிவிட்டுப் போகக் கூடாது.

பருவம் பற்றி இரண்டு வரி. கிழக்கு அட்டப்பாடி மழைமறைவு நிலம். சைலண்ட் வேலிப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும்போது இங்கே காற்றும் சாரலும்தான். வடகிழக்குப் பருவமழைதான் நிலத்தை நனைக்கும். அந்த மழை ஓய்ந்து மண் காய்ந்து இறுகும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, இந்த மூன்று மாதங்களை விட்டுவிடாதீர்கள். இடுக்கி எல்லையில் மறையூர், சின்னாறு பக்கமும் இதே போன்ற மழைமறைவு நிலம் உண்டு. ஆனால் சின்னாறு சரணாலயம், மறையூரைச் சுற்றிச் சந்தனக் காப்புக்காடு; தொடங்குகிறவருக்கு அந்தப் பக்கத்தை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டு சக்கரம் எப்படி நிற்கிறது

காரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்பும். பைக் திரும்ப வேண்டுமென்றால் முதலில் சாய வேண்டும். வேகமாகப் போகும் பெரிய பைக்கில் வலப்பக்கம் திரும்ப நினைப்பவர், தாம் அறியாமலே ஹேண்டில்பாரை ஒரு நொடி இடப்பக்கம் திருப்புகிறார். வண்டி வலப்பக்கம் சாய்கிறது, சாய்ந்தபின் திரும்புகிறது. ஓட்டுகிறவர் தம் உடலையும் சாய்த்துச் சமன் செய்கிறார். ரிமோட் பைக்கின் மேலே உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் ஓட்டுநரால் அது முடியாது. இந்தக் குறையால்தான் ரிமோட் பைக் நெடுங்காலம் கார்களுக்குப் பின்னாலேயே நின்றது.

அதற்குக் கண்டுபிடித்த வழி, பின்சக்கரத்துக்குள் கனமான ஒரு சுழல்தட்டு. மிக வேகமாகச் சுழலும் தட்டு தன் அச்சு சாய்வதை எதிர்க்கும். வண்டி மெதுவாகப் போகும்போது சக்கரங்களின் சுழற்சி போதாது. அந்த நேரத்தில் தாங்கிப் பிடிப்பது இந்தத் தட்டுதான். 2000களில் வந்த டியூராட்ராக்ஸ் டிஎக்ஸ்450 இதை வைத்துப் பலரை இந்தப் பக்கம் இழுத்தது. 2023இல் அமெரிக்காவின் லோசி நிறுவனம் கொண்டுவந்த புரோமோட்டோ-எம்எக்ஸ், நிஜ பைக்கில் நான்கில் ஒரு பங்கு அளவு. அதில் சுழல்தட்டைச் சுற்றத் தனி மோட்டாரே உண்டு. சாய்வை உணர்ந்து ஹேண்டில்பாரைத் திருத்தும் மின்னணு உறுப்பும் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான், கார்கூட ஓட்டிப் பழகாத ஒருவர் நேரடியாகப் பைக்கில் தொடங்குவது நடக்கக் கூடியதாயிற்று.

சுழல்தட்டு நேராக நிறுத்தும்; திருப்பத்தை உங்கள் விரல்தான் எடுக்க வேண்டும். திருப்பத்துக்குள் த்ராட்டிலைக் கூட்டினால் வண்டி நிமிரும், வட்டம் பெரிதாகும். விட்டால் உள்ளே சாயும், வட்டம் சுருங்கும். கார் ஓட்டிப் பழகியவர்கள் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டு, ஏன் விழுகிறது என்று தவிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஸ்டியரிங்கில் எங்கே போக வேண்டும் என்று சொல்லுங்கள், எவ்வளவு சாய வேண்டும் என்பதை த்ராட்டிலில் சொல்லுங்கள். இது பிடிபட்டால் மீதியெல்லாம் பழக்கம்.

வாங்குவது

பக்கவாட்டில் சின்னச் சக்கரம் வைத்த பொம்மை பைக்குகள் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சிறு பிள்ளைகளுக்கு அவை போதும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். ஆனால் அவற்றில் பைக் ஓட்டும் கலை பழகாது. சாயாத வண்டியில் சாய்வைக் கற்க முடியாது.

ஹாபி தர வண்டியின் விலை இங்கே கூடுதலாகத் தெரிவதற்குச் சுங்க வரி ஒரு காரணம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் உயர்ந்தது; அதன்மேல் ஜிஎஸ்டி. வெளிநாட்டுக் கடையில் காட்டும் விலையைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அன்றைய வரியையும் கூரியர் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து, உதிரி பாகம் இந்தியாவிலேயே கிடைக்குமா என்றும் விசாரித்த பிறகு முடிவெடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவருவதாக இருந்தால் லித்தியம் பேட்டரியை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். உதிரியாக எடுத்துவரும் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 11.1 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 55.5 வாட்-மணிதான்.

ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸாக இருக்கட்டும். அந்த அலைவரிசைக்கு 2005 முதல் இந்தியாவில் தனி உரிமம் தேவையில்லை. மற்றபடி வண்டியோடு உடனே வாங்க வேண்டியவை: சமன் செய்து ஏற்றும் சார்ஜர், தீத்தடுப்புப் பை, நல்ல ஹெக்ஸ் ஸ்குரூடிரைவர் செட், நீல நிற நூல்பூட்டுப் பசை. வண்டிக்குச் செலவழித்துவிட்டுச் சார்ஜரில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

கோவைக்கு அருகில் இருப்பதன் அருமை உதிரி பாகத்தில் தெரியும். கார்ப் பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிற, ஃபார்முலா ஒன் வீரர் நரேன் கார்த்திகேயனைத் தந்த ஊர் அது. லேத் பட்டறையும் பேரிங் கடையும் தேடி அலைய வேண்டியதில்லை. தேய்ந்த பேரிங்கை எடுத்துக்கொண்டு போய் அதன் எண்ணைச் சொன்னால் போதும். 5 மி.மீ. உட்துளை, 10 வெளிவட்டம், 4 அகலம் என்றால் எம்ஆர்105. 8, 16, 5 என்றால் 688. இரும்பு மூடி போட்டதும் ரப்பர் சீல் வைத்ததும் என்று இரண்டு வகை உண்டு. இங்குள்ள தூசிக்கு ரப்பர் சீல் வைத்ததையே கேட்டு வாங்குங்கள்.

முதல் நாட்கள்

இருபது மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் சமதளம் போதும். நான்கில் ஒரு பங்கு வண்டிக்கு 5 செ.மீ. கல் என்பது, பெரிய பைக்குக்கு முன்னால் கிடக்கும் 20 செ.மீ. பாறை. ஆகவே கொட்டைப்பாக்கைவிடப் பெரிய கல் எதுவும் கிடக்கக் கூடாது. அரை மணி நேரம் குனிந்து பொறுக்குங்கள். முள்ளையும் எடுத்துவிடுங்கள்.

ரிமோட்டில் த்ராட்டில் உச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வையுங்கள். முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகு வண்டி. நிறுத்தும்போது முதலில் வண்டி, பிறகு ரிமோட். வண்டியை நேராகப் பிடித்துச் சுழல்தட்டு முழு வேகத்துக்கு வரும்வரை காத்திருங்கள். முதலில் மெல்ல உறுமி, பிறகு ஒரே சீரான ரீங்காரமாக மாறும். அந்தச் சீர் வருவதற்கு முன் விட்டால் கவிழும். ஓட்டத்தின் நடுவே அது இறங்குவதுபோல் கேட்டால் பேட்டரி தீர்கிறது என்று பொருள், உடனே ஓரங்கட்டுங்கள்.

முதல் பேட்டரி முழுவதும் நேர்கோடு. போய், நிறுத்தி, கையால் திருப்பி வைத்து, மறுபடி நேர்கோடு. வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்தால் ரிமோட்டின் டிரிம்மைத் திருத்துவது அப்போதுதான். அடுத்து பெரிய வட்டம், இரு திசையிலும். எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும். கடினமான பக்கத்துக்கே அதிக நேரம் கொடுங்கள். பிறகு இரண்டு கற்களை நட்டு எட்டுப் போடுங்கள். வண்டி உங்களை நோக்கி வரும்போது இடம் வலமாகத் தெரியும் குழப்பம் இந்த எட்டில்தான் தீரும். எட்டு நிதானமாக வராதவரை த்ராட்டில் வரம்பைத் தளர்த்தாதீர்கள்.

மேட்டுக் குதிப்பு இதற்கெல்லாம் பிறகு. மண்ணைக் குவித்து, நனைத்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி, மேலே தட்டையாக ஒரு மேடை விடுங்கள். குறைவாகத் தாவினாலும் வண்டி மேடையில் இறங்கும், பள்ளத்தில் குத்தாது. முழங்கால் உயரம் தேவையில்லை, ஒரு சாண் போதும். அந்தரத்தில் முன்சக்கரம் தாழ்ந்தால் த்ராட்டிலைக் கொஞ்சம் கொடுங்கள், மூக்கு உயரும். உயர்ந்துவிட்டால் பிரேக்கைத் தொடுங்கள், இறங்கும். பின்சக்கரத்தின் சுழற்சி மாறும்போது வண்டியின் உடல் எதிர்த்திசையில் திரும்புவதால் இது நடக்கிறது. நிஜ மோட்டோகிராஸ் வீரர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா சூப்பர்கிராஸ் தடங்களில் வளர்ந்து, 2024 டக்கார் ராலியில் ராலி-2 பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடமும் பிடித்தார். இதே பாலக்காடு மாவட்டத்து இளைஞர் அவர். அவருடைய ஓட்டக் காட்சிகளை மெதுவாக ஓடவிட்டு, அந்தரத்தில் பின்சக்கரம் என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தில் கிடைக்கும் பாடத்தை எந்த வழிகாட்டி நூலாலும் எழுதிக் காட்ட முடியாது.

பொதுச் சாலையில் ஓட்டவே வேண்டாம். மண்ணார்க்காடு சாலையில் பஸ்ஸும் லாரியும் வளைவு வளைவாக வருகின்றன. வண்டியைப் பார்த்துத் திகைக்கும் இருசக்கர ஓட்டி ஒருவர் விழுந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

தூசி

செம்மண் தூசி மாவுபோல் நைசானது, எந்த இடுக்கிலும் நுழையும். சங்கிலிக்கு எண்ணெய் ஊற்றினால் அந்தத் தூசி எண்ணெயோடு குழைந்து தேய்ப்புப் பசையாகிவிடும். காய்ந்து படியும் வகை மசகு மட்டும் போடுங்கள். ஓட்டி முடித்ததும் பெயின்ட் பிரஷ்ஷால் துடையுங்கள். பஞ்சர் கடைக் காற்றை அடிப்பதென்றால் தூரத்தில் பிடித்து அடிக்க வேண்டும், பேரிங்கை நேராகப் பார்த்து அடிக்கக் கூடாது. அழுத்தம் தூசியை உள்ளேதான் தள்ளும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். மழைக்குப் பிறகு மண் களியாக இருக்கும்போது டயர் முட்களுக்கு இடையில் அப்பிக்கொண்டு சக்கரம் உருளையாகிவிடும், பிடிமானமே இருக்காது; அன்றைக்கு ஓட்டாமல் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

ஒவ்வொரு பேட்டரி முடிந்ததும் மோட்டாரின் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆறவிட வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் சூட்டை மட்டுமே காட்டும். பட்டறைகளில் பயன்படுத்துகிற வகை தேவை. சாய்ந்து விழுந்த வண்டியை எடுக்கும்போது சங்கிலி ஓடுகிற பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள், ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டும் எடுக்காதீர்கள். த்ராட்டில் எதிலாவது இடித்து அழுந்திவிடும்.

பேட்டரி

லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். நான் 3.5க்கு மேலேயே நிறுத்திவிடச் சொல்வேன். மின்னழுத்தம் குறைந்ததும் வண்டியை நிறுத்தும் அமைப்பு லித்தியத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஏற்றும்போது பேட்டரியின் கொள்ளளவுக்கு மேல் மின்னோட்டம் வேண்டாம்: 4000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 4 ஆம்பியர். சூடாக இருக்கும் பேட்டரியை ஏற்றாதீர்கள், ஆறட்டும். ஏற்றும்போது பக்கத்திலேயே இருங்கள். தங்கும் விடுதியில் இரவு செருகிவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. மார்ச், ஏப்ரலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுப் போகவும் கூடாது.

இரண்டு மூன்று நாளுக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். சார்ஜரில் இதற்குத் தனி வசதி இருக்கும். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். அதைப் பள்ளத்திலோ, காட்டோரத்திலோ, விடுதிக் குப்பைத் தொட்டியிலோ போடாதீர்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும், காய்ந்த புல்லுக்கு அது போதும். தீத்தடுப்புப் பையில் வைத்துக் கோவைக்கே திருப்பிக் கொண்டுபோய், மின்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.